மைரி என்றுதான் சொன்னார்

என் பெயர் ஜாஸ்மின். வயது இருபத்து மூன்று. தந்தை பெயர் ஆரோக்கியராஜ், மீன்பிடித் தொழில். பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் பெற்றோருடன் குடியிருக்கிறேன். பி.காம். படித்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். ஆழ்வார்பேட்டையில் ஒரு குளிர்சாதன மீன் கடையில் பில் போடும் வேலை பார்த்துவந்தேன். இந்தச் சம்பவத்துக்குப் பிறகு, வழக்கு முடியும்வரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இன்று சைதாப்பேட்டை நீதிமன்றத்தில் நடுவர் அவர்கள் முன்பு, உண்மையைச் சொல்வதாக உறுதிமொழி எடுத்துக்கொண்டு இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன். சத்தமாகப் பேசும்படி நடுவர் அவர்கள் சொன்னார்கள். எனக்கு இயல்பாகவே குரல் சன்னம். முடிந்தவரை சத்தமாகச் சொல்கிறேன்.

இந்த வழக்கில் அடிபட்டவரான ஹபீபுர் ரஹ்மான் அதே கடையில் மீன் வெட்டும் வேலை பார்த்தவர். மேற்கு வங்காளத்தில் பசீர்ஹாட் பக்கம் அவருடைய ஊர். அவரை அடித்ததாகச் சொல்லப்படும் கிஷோர் என் சித்தி குப்பம்மாவின் மகன். எனக்கு அண்ணன் முறை. ஆட்டோ ஓட்டுகிறார். கல்லூரியில் என்னுடைய எல்லாப் பரீட்சைகளுக்கும் அவர்தான் ஆட்டோவில் கொண்டுபோய் விட்டார். நான் இறங்கப்போனால் இடது கையை நீட்டி மறித்து, பின்னால் வண்டி வருகிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் இறங்க விடுவார். இந்த இருவரில் யாரோடு எனக்கு முன்விரோதம் உண்டு என்று கேட்கப்பட்டது. கிஷோரோடு எந்த விரோதமும் இல்லை. ஹபீபுர் ரஹ்மானோடு உண்டு. அதை முதலில் சொல்கிறேன்.

கடையில் நாங்கள் நான்கு பேர். மேலாளர் ஸ்ரீநாத் மயிலாப்பூரைச் சேர்ந்தவர், மீன் சாப்பிடாதவர். "எங்காத்துல கூரியர் கம்பெனின்னுதான் சொல்லியிருக்கேன்" என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் என்னிடம், "குப்பத்துப் பொண்ணு மாதிரியே இல்லையேம்மா நீ, நன்னா டீசன்ட்டா இருக்கே" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். வெட்டும் மேசையில் ஹபீபுர் ரஹ்மானும் அமீனும் நிற்பார்கள். அமீனுக்கும் அதே ஊர்ப்பக்கம்தான், ஆனால் சென்னைக்கு வந்து பல வருடம் ஆகிவிட்டதால் நன்றாகத் தமிழ் பேசுவார். ஹபீபுர் ரஹ்மானுக்கு 'அக்கா', 'தெரியாது', 'சின்ன பீஸ், பெரிய பீஸ்' போன்ற சில சொற்கள் மட்டும் தெரியும்.

மதியம் நான் டப்பாவைத் திறந்தால் ஹபீபுர் ரஹ்மான் மூக்கைச் சுருக்கிக்கொண்டு "தேத்துல்" என்பார். தேத்துல் என்றால் புளி. தென்னாட்டு ஆட்கள் எல்லோருக்கும் அவர்கள் ஊரில் கேலியாக வைத்திருக்கும் பெயர் அது என்று அமீன் சொன்னார். அவர்கள் டப்பாவைத் திறந்தால் கடுகெண்ணெய் வாடை அடிக்கும். நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விடுவேன். ஸ்ரீநாத்துக்கு இரண்டு வாடையும் ஆகாது. தயிர்சாதத்தை எடுத்துக்கொண்டு காருக்குள் போய் உட்கார்ந்து சாப்பிடுவார். ஒரு நாள் ஹபீபுர் ரஹ்மான் ஐஸ் மேல் கிடந்த கறுப்பு வவ்வால் மீனையும் என் கையையும் மாற்றி மாற்றிக் காட்டி அமீனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். எனக்கு அந்த மொழி தெரியாது. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்.

அதன் பிறகு, ஆடி மாதத்தில், மீனைச் சரியாகச் செதில் எடுக்கவில்லை என்று ஓர் அம்மா திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். நான் அதை மேசையில் வைத்து, யார் வெட்டியது என்று கேட்டேன். ஹபீபுர் ரஹ்மான் என் முகத்தைப் பார்த்து, "நான் இல்ல, மைரி" என்றார். எனக்கு அது 'மயிரு' என்று கேட்டது. எங்கள் தெருவில் அந்தச் சொல்லைக் கேட்காமல் ஒரு பொழுது போகாது. ஆனால் என்னைப் பார்த்து ஒருவர் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் ஸ்ரீநாத்திடம் போய்ச் சொன்னேன். அவர், "அவா நாக்கு அப்படி. விடும்மா. உங்க பக்கத்துல பேசாததா?" என்றார். அதன் பிறகு நான் ஹபீபுர் ரஹ்மானோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். ஆர்டர் சீட்டை மேசையில் வைத்துவிட்டு முகம் பார்க்காமல் வந்துவிடுவேன்.

இதைக் கவனித்த அமீன் ஒரு நாள் காரணம் கேட்டார். எனக்கு அந்தச் சொல்லை வாயால் சொல்ல வரவில்லை. அவர் விடாமல் கேட்டதால் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார், அதன் பிறகு தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ அக்கா, அது திட்டு இல்ல. எங்க ஊர்ல சத்தியமா-ன்னு சொல்றதுக்குத்தான் மைரி-ன்னு சொல்றது. மேரி பேரு அது, வெள்ளக்காரன் காலத்துல வந்துச்சுன்னு பெரியவங்க சொல்வாங்க. சொல்றவனுக்கு எவனுக்கும் அது தெரியாது" என்று சொல்லி, என் கழுத்துச் சங்கிலியில் இருக்கும் மாதா சுரூபத்தைக் காட்டி, "இவங்க பேருதான்" என்றார். அதன் பிறகு அவர் ஹபீபுர் ரஹ்மானைக் கூப்பிட்டு, தமிழ் ஆட்கள் காதில் அது எப்படி விழும் என்பதைத் தன் தலைமுடியைப் பிடித்துக் காட்டி விளக்கினார். ஹபீபுர் ரஹ்மான் நாக்கைக் கடித்துக்கொண்டார். என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து சம்பவத்தன்று வரை எங்கள் ஆட்கள் முன்னால் அந்தச் சொல்லை அவர் சொல்லி நான் கேட்கவில்லை. தேத்துல் என்பதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. நானும் பழையபடி பேசவில்லை. அவர் நல்லவர் என்று சொல்ல நான் இங்கே வரவில்லை.

கடை வருவதற்கு முன்பிருந்தே அதே தெருவில், கடையை ஒட்டிய மதில் ஓரமாக, என் சித்தி குப்பம்மா மீன் விற்றுவருகிறார். கடை வந்த பிறகு அவருடைய வாடிக்கை வீடுகள் பல கடைக்கு மாறிவிட்டன. மீன் வாங்கிக்கொண்டு வெளியே வருகிறவர்களைக் கூப்பிட்டு, "வடக்கன் கை பட்ட மீனு, வாங்கிக்கினு போறியே, வயிறு ஊதிக்கப் போவுது பாரு" என்று சித்தி சொல்வார். கடையில் மீன் வெட்டும் இருவரையும் அவர் பான்பராக்கு என்றுதான் கூப்பிடுவார். இருவரில் யாரும் பான்பராக் போட்டு நான் பார்த்ததில்லை. இந்திக்காரன் என்றும் சொல்வார். ஹபீபுர் ரஹ்மானுக்கு மற்ற எதைவிடவும் அதில்தான் கோபம் வரும். அமீன் மட்டும், "உங்களுக்கு நாங்க எல்லாரும் இந்திக்காரன். எங்க ஊர்ல நீங்க எல்லாரும் மதராசி. சரியாப் போச்சு, போ குப்பம்மாக்கா" என்று சொல்லிவிட்டுப் போவார். சித்தி அவரைத் திட்ட மாட்டார். சம்பவத்தன்று அமீன் தன் ஊருக்குப் போயிருந்தார்.

சம்பவம் நடந்தது புரட்டாசி முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை காலை. மாதம் முழுக்கக் கவிச்சி தொடாமல் இருந்தவர்கள் எல்லோரும் அன்று மீன் வாங்க வருவார்கள். கடை வாசலில் படியைத் தாண்டித் தெருவரை வரிசை நின்றது. சித்தியும் அன்றைக்காக வஞ்சிரமும் சங்கராவும் நிறைய எடுத்து வைத்திருந்தார். அவருடைய மீன் வெட்டும் புளியமரக் கட்டை பக்கத்தில் இருந்தது. பல வாரங்களுக்குப் பிறகு அவர் முன்னாலும் ஆட்கள் நின்றார்கள். நான் அதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அப்போது வாசல் படியில் மீன் தண்ணீர் வழுக்குவதாக ஒருவர் சொன்னதால், ஸ்ரீநாத் ஹபீபுர் ரஹ்மானை வெட்டிக்கொண்டிருந்த வேலையிலிருந்து கூப்பிட்டுப் படியைக் கழுவச் சொன்னார். ஹபீபுர் ரஹ்மான் கத்தியை மேசையில் வைத்துவிட்டு, வாளியும் பச்சை நிற மக்கும் எடுத்துக்கொண்டு போனார். கத்தி மேசையில்தான் இருந்தது. நான் பில் போடும் இடத்திலிருந்து கையை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்தது. அவர் பினாயில் கலந்த தண்ணீரைப் படியில் ஊற்றித் தள்ளிவிட்டு, வாளியில் மிச்சமிருந்ததை மதில் பக்கம் வீசினார். அது சித்தியின் மீன் மேல் விழுந்தது. ஹபீபுர் ரஹ்மான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமல் வீசியது அவர் தப்பு.

சித்தி எழுந்துவிட்டார். "டேய் பான்பராக்கு! கண்ணு இன்னா முதுகுலயா கீது? ஒரு மாசமா வாயக் கட்டிக்கினு ஒக்காந்துகினு இருந்தேன்டா, இன்னிக்கு வந்து பினாயில ஊத்துற? இத எவன்டா துன்னுவான், உங்கொப்பனா?" என்று கத்தினார். அவர் முன்னால் நின்றவர்கள் மீனைக் கீழே வைத்துவிட்டுக் கடை வரிசைக்கு நகர்ந்தார்கள். சித்தி அதையும் பார்த்தார்.

ஹபீபுர் ரஹ்மான், "தெரியாது அக்கா, தெரியாது" என்றார். சித்தி வாளியைப் பிடுங்கி அவர் மேல் எறிந்தார். அவர் பயந்துவிட்டார். பயத்தில், "மைரி, தெரியாது அக்கா" என்றார். சித்தி, "இன்னாது? மயிரா? யாரப் பாத்து இன்னா சொல்ற? உங்கொம்மா வயசுடா எனக்கு!" என்றார். தான் சொல்வதைச் சித்தி நம்பவில்லை என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அவர் இடது கையால் தன் தொண்டைத் தோலைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு, இன்னும் சத்தமாக, "மைரி! மைரி போல்ச்சி!" என்றார். தொண்டையைப் பிடிப்பது அவர்கள் சத்தியம் செய்யும் முறை. கடையில் அமீனும் அவரும் அப்படிச் செய்து நான் பார்த்திருக்கிறேன். போல்ச்சி என்றால் சொல்கிறேன் என்று அர்த்தம். வரிசையில் நின்ற ஒருவர், "பொளக்கிறேன்றான்டா!" என்று கத்தினார். இன்னொருவர், "கழுத்த அறுப்பேன்னு காட்றான்" என்றார். அவர் வலது கையில் இருந்தது பச்சை மக்கு. கத்தி இல்லை.

தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து கிஷோர் வந்தார். அவரோடு வேறு சிலரும் வந்தார்கள். அவர்களை எனக்குப் பெயர் தெரியாது. கிஷோர், "அம்மா, இன்னா சொன்னான் இவன்?" என்று கேட்டார். சித்தி, "என்னய மயிருன்றான்டா. கழுத்த அறுப்பேன்றான்டா" என்று சொல்லி அழுதார். சித்தி பொய் சொல்லவில்லை. அவர் காதில் அப்படித்தான் விழுந்தது. என் காதிலும் முதல் தடவை அப்படித்தான் விழுந்தது.

கிஷோர் ஹபீபுர் ரஹ்மானின் சட்டையைப் பிடித்து, "எங்க ஊருக்கு வந்து எங்க பொழப்புல கை வச்சது பத்தாதுன்னு எங்கம்மாவயே பேசுறியாடா வடக்கா?" என்றார். மற்றவர்கள் ஹபீபுர் ரஹ்மானின் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள். ஸ்ரீநாத் இதைப் பார்த்துவிட்டு ஷட்டரைப் பாதிவரை இறக்கினார். ஹபீபுர் ரஹ்மான் வெளியே இருக்கிறார் என்று நான் சொன்னேன். ஸ்ரீநாத், "அவாளே அடிச்சுண்டு அவாளே சேந்துப்பா, நீ உள்ள இரு" என்றார். நான் குனிந்து ஷட்டருக்கு அடியில் வெளியே போனேன்.

அதன் பிறகு நான் கிஷோரிடம், "அண்ணா, அது கெட்ட வார்த்த இல்ல. சத்தியமான்னு சொல்றாரு. மாதா சத்தியமான்னு நம்ம சொல்ற மாதிரி" என்றேன். என் வாழ்க்கையில் தெருவில் நின்று நான் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. சித்தி என் பக்கம் திரும்பி, "சொல்றாரா? ராராமே! அவனுக்கு இன்னாடி மருவாதி? படிச்சிட்டா பெத்தவங்கள உட்டுட்டு வடக்கனுக்குப் பேசுவியா?" என்றார். கிஷோரும் என் பக்கம் திரும்பினார். அதன் பிறகு அவர் சித்தியின் மீன் வெட்டும் கட்டையைத் தூக்கி ஹபீபுர் ரஹ்மானின் முகத்தில் அடித்தார். கட்டையைத் தூக்கியவர் கிஷோர்தான். வேறு யாரும் அதைத் தொடவில்லை. ஒரு தடவைதான் அடித்தார்.

ஹபீபுர் ரஹ்மான் கழுவிய படியிலேயே விழுந்தார். தாடை ஒரு பக்கமாகப் போயிருந்தது. அவர் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல முயன்றார். அந்தத் தடவை எந்தச் சொல்லும் வரவில்லை. அதுவரை வேடிக்கை பார்த்து நின்றவர்கள் அதன் பிறகு கைப்பேசியில் படம் எடுத்தார்கள். அதற்கு முந்தையது யாருடைய கைப்பேசியிலும் இல்லை. கடை வாசல் கேமராவில் படம் மட்டும்தான் பதியும், ஒலி பதியாது. அதில் ஹபீபுர் ரஹ்மானின் முதுகும், தொண்டைக்குப் போகும் கையும்தான் தெரிகின்றன. ஆம்புலன்ஸ் வருவதற்குள் வரிசையில் நின்ற சிலர், ஏற்கெனவே பில் போட்ட மீனைக் கொடுத்துவிடும்படி ஷட்டரைத் தட்டினார்கள். ஸ்ரீநாத் ஷட்டருக்கு அடியில் பைகளை நீட்டினார்.

அன்றே நான் காவல் நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டேன். சித்தியும் வேறு சில உறவினர்களும் அங்கே இருந்தார்கள். சித்தி கொடுத்த புகாரின் பேரில், ஒரு பெண்ணை ஆபாசமாகத் திட்டிக் கத்தியைக் காட்டி மிரட்டியதாக ஹபீபுர் ரஹ்மான் மீது ஒரு வழக்கும், அவரை அடித்ததற்காகக் கிஷோர் மீது ஒரு வழக்கும் போடப்பட்டதாகத் தெரிந்துகொண்டேன். ஹபீபுர் ரஹ்மானுக்குத் தாடையில் கம்பி கட்டியிருப்பதால் அவரால் பேச முடியாது. ஊரிலிருந்த அமீனோடு போனில் பேசினேன். அவர், "வந்தா நானும் அடி வாங்கணும் அக்கா. நான் வரல, என்ன உட்டுடு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அதன் பிறகு அந்த எண் கிடைக்கவில்லை. ஆகையால் ஹபீபுர் ரஹ்மான் சொன்னது என்ன சொல் என்பதைச் சொல்ல, அந்த இடத்தில் இருந்தவர்களில் நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

தலைமைக் காவலர் கதிரேசன் என்னை விசாரித்து எழுதினார். நான் சொன்னதை அவர், "காது கொடுத்துக் கேட்க முடியாத ஆபாச வார்த்தைகளால் திட்டி" என்று எழுதினார். அப்படி இல்லை, ஹபீபுர் ரஹ்மான் சொன்னது மைரி, அதற்கு அர்த்தம் வேறு என்றேன். அவர், "ரி-யா ரு-வா, ஒரு எழுத்துல இன்னாம்மா இருக்கு? கேக்குறதுக்கு ஒண்ணுதானே. அவன் பாஷைக்கு நீ வாத்தியாரா?" என்றார். அங்கே இருந்தவர்கள் சிரித்தார்கள். அதன் பிறகு அவர், நான் சத்தியம் என்று சொன்னது கிஷோர் காதில் விழுந்ததா என்று கேட்டார். சித்தி எனக்கு நேர் எதிரில் நின்றிருந்தார். நான் பதில் சொல்லவில்லை. கதிரேசன் அதைத் தெரியவில்லை என்று எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு ஒரு நாள் காலை எங்கள் வீட்டுச் சுவரில் யாரோ கரியால் 'வடக்கன் பொண்டாட்டி' என்று எழுதியிருந்தார்கள். என் தந்தை அதன் மேல் சுண்ணாம்பு அடித்தார். சுண்ணாம்பு காய்ந்ததும் எழுத்து மறுபடி தெரிந்ததால் இன்னொரு தடவை அடித்தார். ஹபீபுர் ரஹ்மானுக்கும் எனக்கும் அந்த மாதிரி எதுவும் இல்லை. அவர் கையால் ஒரு கிளாஸ் தண்ணீர்கூட நான் வாங்கிக் குடித்ததில்லை.

இந்த நீதிமன்றத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்த அன்று சாயங்காலம் சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தார். எனக்குப் பிடிக்கும் என்று சுறாப்புட்டு செய்து மூடி போட்ட பாத்திரத்தில் கொண்டுவந்திருந்தார். அதை என் முன்னால் வைத்துவிட்டு, "பரிச்சைக்கு உன்ன ஆட்டோல கூட்டிக்கினு போனது யாரு? அந்த வடக்கனா?" என்று கேட்டார். கிஷோர் அண்ணன்தான் என்றேன். "அவனுக்கு இப்போ ஜாமீன் கெடைக்கல. உனக்குத் தெரியும்ல?" என்றார். தெரியும் என்றேன்.

என் தாயார், "மாதா பேர ஒரு துலுக்கன் ஏன்டி சொல்றான்? அவன் ஆயிரம் சொல்வான், அத நீ போய் கோர்ட்டுல சொல்லி அண்ணன உள்ள வைப்பியா?" என்றார். சித்தி என் தாயாரைக் கையமர்த்திவிட்டு, "அவன் சொன்னது மேரியோ மாரியோ, இன்னா எழவோ, நீ உன் இஷ்டத்துக்குச் சொல்லிக்கோ. நான் அதுல வரல. என் காதுல மயிருன்னுதான் விழுந்துச்சு, அத நான் சொல்வேன். நீ ஒண்ணே ஒண்ணு சொல்லு. நீ சொன்னது கிஷோர் காதுல விழலன்னு சொல்லு. அப்போ பெத்தவள திட்டுனான்ற கோவத்துல அடிச்சான்னு ஆயிடும். ஜனங்க கூச்சல், வண்டி ஹாரன், உனக்குக் கொரலே கெடையாது. விழலன்னா யாரு இல்லன்னு சொல்லப் போறாங்க?" என்றார்.

அதன் பிறகு சித்தி, "அவங்க நம்மள இன்னா சொல்றாங்க தெரியுமா? உன் கூட வேல செஞ்சவன் உன்ன இன்னா சொன்னான்? நீதானடி வந்து அழுத? புளின்னான், கருப்பின்னான். அவனுக்கா நீ சாட்சி?" என்றார். சித்தி சொன்னது உண்மை. நான்தான் அவரிடம் போய் அழுதேன். சித்தி பாத்திரத்தின் மூடியைத் திறந்து, "துன்னு" என்றார். நான் சாப்பிட்டேன். அவர் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போகும்போது வாசலில் நின்று, "உனக்கு நல்ல மனசுடி, எனக்குத் தெரியும்" என்று சொன்னார்.

மேற்படி விஷயம் குறித்து இப்போது நடுவர் அவர்கள் என்னிடம் கேள்வி கேட்டார்கள். அது சத்தியம் செய்யும் சொல் என்று நான் சொன்னது, கட்டையைத் தூக்குவதற்கு முன்பு கிஷோர் காதில் விழுந்ததா என்பது கேள்வி. சத்தமாகச் சொல்லும்படியும் சொன்னார்கள்.

விழுந்தது.

எப்படித் தெரியும் என்று கேட்கிறார்கள். அவர் எனக்குப் பதில் சொன்னார். அதனால் தெரியும். கிஷோர் என் பக்கம் திரும்பி, "சத்தியமா? வடக்கன் சத்தியம்லாம் இங்க செல்லாது. நீ தள்ளிக்கோ பாப்பா, மேல பட்டுடும்" என்றார். அவர் எப்போதும் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். அப்படிச் சொல்லிவிட்டு இடது கையை நீட்டி மறித்து என்னை ஓரமாக நிறுத்தினார். ஆட்டோவிலிருந்து இறங்கும்போது மறிப்பது போலத்தான் மறித்தார். என் மேல் ஒரு துளி ரத்தம் படவில்லை.

சித்தி காதில் அந்தச் சொல் தப்பாக விழுந்தது. கிஷோர் அதைச் சரியாகக் கேட்ட பிறகுதான் அடித்தார்.

இந்த வாக்குமூலம் எழுதி முடிக்கப்பட்டு எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. ஹபீபுர் ரஹ்மான் சொன்ன சொல் வரும் இடங்களில் 'மயிரு' என்று எழுதப்பட்டிருந்ததை நான் சுட்டிக்காட்டியதன் பேரில், அந்தச் சொல் அடிக்கப்பட்டது. அதை மட்டும் நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டேன். நடுவர் அவர்கள் அனுமதித்தார்கள். அந்த இடங்களில் 'மைரி' என்று என் கையால் எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் கையொப்பம் இட்டிருக்கிறேன். என் சித்தி குப்பம்மா காதில் விழுந்ததாகச் சொல்லும் இடங்களில் 'மயிரு' என்று இருப்பது சரி. அதைத் திருத்த வேண்டாம் என்று சொன்னேன். மைரி என்பதற்குத் தமிழில் என்ன பொருள் என்று பதிவு செய்வதற்காகக் கேட்டார்கள். சத்தியம் என்று சொன்னேன்.

யாரும் சொல்லிக்கொடுக்காமல், யாருக்கும் பயப்படாமல் என்று எழுதியிருந்ததில், பயப்படாமல் என்பதை எடுத்துவிடும்படி கேட்டேன். அதுவும் எடுக்கப்பட்டது. மீதி நான் சொன்னபடியே இருக்கிறது. நான் சொன்னது அனைத்தும் சத்தியம்.

(ஒப்பம்)
ஆ. ஜாஸ்மின்